அடிபட்ட பிள்ளையும் நேர்த்திக்கடனும்: மலையகக் குடும்பங்களைத் தாங்குவது எது?

ஒரு பிள்ளைக்குப் பெருங்காயம் பட்டுவிட்டால் அந்தக் குடும்பம் எதைப் பிடித்துக்கொண்டு எழுகிறது? சமயத்திடம் இதற்குப் பழைய பதில் ஒன்று உண்டு. மானிடவியலார் அந்தப் பதிலையே ஆய்வுப் பொருளாக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உளவியல் தன் வினாத்தாள்களோடு வந்து சேர்ந்தது. தொழிற்சங்க மேடைகளோ கேள்வியையே மாற்றச் சொல்லின: குடும்பம் எப்படி எழுந்தது என்று வியப்பதை விட்டு, பிள்ளை ஏன் அடிபட்டது என்று கேளுங்கள் என்றன.

இந்தப் பதில்களை இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வைத்துப் பார்ப்பதே இங்கு நோக்கம். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, நுவரெலியா என்று விரியும் வட்டாரம் அது. பேசப்படுவது இறந்த பிள்ளையைப் பற்றியல்ல. பிழைத்து வீடு திரும்பிய, ஆனால் முன்போல் இல்லாத பிள்ளையைப் பற்றி. இந்த வேறுபாடு முக்கியமானது. சாவுக்குக் கருமாதி வரை முறை வகுத்த சடங்குகள் உண்டு. யார் வரவேண்டும், எதைக் கொண்டுவரவேண்டும் என்பது வரை எல்லோருக்கும் தெரியும். முகத்தில் தீத்தழும்போடு, அல்லது நடக்க முடியாமல், அல்லது பேச்சுக் குழறித் திரும்பிய பிள்ளைக்கு அப்படி வகுத்த முறை எதுவும் இல்லை. குடும்பம் தானே ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காயம் வரும் வழி

நம்பிக்கையைப் பற்றிய எந்த வாதமும் காயத்தின் இயல்பிலிருந்து தொடங்குவதே நேர்மையானது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2008இல் வெளியிட்ட அறிக்கை, விபத்துக் காயங்களால் ஆண்டுக்கு 8,30,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறப்பதாகவும், அவற்றில் ஏறத்தாழ 95 வீதம் வறிய, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்வதாகவும் சொன்னது. இறப்பவர்களைவிடக் காயத்தோடு வாழ்பவர்கள் பல மடங்கு அதிகம். ஆகவே, 'எதிர்பாராத' விபத்து என்று நாம் சொல்வது யாருக்கு நேரும் என்பதைப் பெருமளவு முன்கூட்டியே சொல்லிவிட முடியும்.

தோட்டத்தில் அதற்கான காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. வரிசைக் குடியிருப்பான லயத்தின் காம்பராவில் சமைப்பதும் படுப்பதும் பிள்ளை படிப்பதும் சில அடி இடைவெளிக்குள் நடக்கின்றன. அடுப்பு தரையோடு இருக்கும். மின்சாரம் இல்லாத, அல்லது வெட்டுப்பட்ட வீடுகளில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு எரியும். இந்த விளக்கு கவிழ்ந்து எரிந்த பிள்ளைகளை அறுவை மேசையில் கண்ட சிங்கள மருத்துவர் விஜய கொடகும்புர, கவிழாத, தட்டையான, திருகு மூடியுள்ள கண்ணாடி விளக்கொன்றை 1990களின் தொடக்கத்தில் வடிவமைத்தார். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு கண்ணாடிக் குப்பியின் வடிவத்தை மாற்றியே தடுத்திருக்கக்கூடிய காயத்தைத்தான் எத்தனையோ வீடுகள் 'விதி' என்று ஏற்றுக்கொண்டிருக்கின்றன என்பதை இங்கே குறித்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

குளவிக் கொட்டு, வழுக்கும் படிக்கட்டு, மலைப்பாதையில் கவிழும் வாகனம் என்று மற்றக் காரணங்கள் நீளும். மழைக்காலத்தில் மலையே சரிகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. காலையிலேயே பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகளில் சிலர் உயிர் தப்பியும் திரும்பி வர வீடில்லாதவர்களானார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அதே அச்சத்தை மலையகமெங்கும் மீண்டும் எழுப்பியது.

காயத்துக்குப் பின் வரும் பயணம் தனிக்கதை. தோட்ட டிஸ்பென்சரி, பிறகு டிக்கோயா ஆதார வைத்தியசாலை அல்லது நுவரெலியா மாவட்ட வைத்தியசாலை, பிறகு கண்டி அல்லது பேராதனைச் சிறுவர் வைத்தியசாலை, சிலருக்குக் கொழும்பு லேடி ரிஜ்வே, நெடுங்காலப் பயிற்சி தேவைப்பட்டால் ராகம புனர்வாழ்வு வைத்தியசாலை. இந்திய உதவியில் கட்டிய டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டதும், 2016இல் இரண்டு மாகாணங்களில் தொடங்கிய '1990' அம்பியூலன்ஸ் சேவை நாடெங்கும் விரிந்ததும் உண்மையான முன்னேற்றங்கள். ஆனால் அம்பியூலன்ஸ் பெருந்தெருவில்தான் விரைந்து ஓடும். லயத்திலிருந்து பெருந்தெரு வரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் பக்கத்துக் காம்பராக்காரர்களே. கட்டிலருகே தாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் வேலைநாள் பதிவேடான செக்ரோலில் அவள் பேர் விழாது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350 ஆனது. வேலைக்கு வராத நாளுக்கு இரண்டும் பூச்சியம்தான்.

வினையா, தலையெழுத்தா, சோதனையா

மிகப் பழைய பதில் இதுதான்: நடந்ததற்கு நமக்குத் தெரியாத காரணம் ஒன்று இருக்கிறது. துன்பத்துக்கு விளக்கம் தரும் கோட்பாடுகளில் தர்க்க ரீதியில் மிக முழுமையானது கர்மக் கோட்பாடே என்று மாக்ஸ் வேபர் கருதினார். நூலில் அது முழுமையானதாக இருக்கலாம். வீட்டில் அப்படி இயங்குவதில்லை. உர்சுலா சர்மா 1973இல் எழுதிய கட்டுரை, வட இந்தியக் கிராமத்தில் மக்கள் வினையை முதலில் அல்ல, மற்ற விளக்கங்கள் தீர்ந்த பிறகே கையில் எடுக்கிறார்கள் என்று காட்டியது. தமிழ்க் கிராமத்தை ஆராய்ந்த ஷெரில் டேனியல் இன்னும் ஒரு படி போனார். 1983இல் சார்ல்ஸ் கீஸும் வலன்டைன் டேனியலும் தொகுத்த கர்மம் பற்றிய நூலில் அவர் கட்டுரை இருக்கிறது. வினை, தலையெழுத்து, கிரகம், தெய்வக் குற்றம், மனிதரின் சொந்த முயற்சி ஆகியவற்றைத் தமிழர்கள் ஒரே கோட்பாடாக இணைப்பதில்லை; தச்சர் பெட்டியிலிருந்து கருவியை எடுப்பதுபோலத் தருணத்துக்கு ஏற்ற ஒன்றை எடுக்கிறார்கள் என்பது அவர் முடிவு. தமிழ் மரபின் உள்ளேயே இதற்குச் சான்று உண்டு. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் எழுதினார். ஆள்வினை உடைமைக்கும் ஓர் அதிகாரம் எழுதினார். இரண்டையும் சமரசப்படுத்த அவர் மெனக்கெடவில்லை.

தலையெழுத்து என்ற கருவிக்கு ஒரு நல்ல பயன் உண்டு. 'அடுப்பருகே விட்டுவிட்டுப் போனேனே' என்று தன்னையே குத்திக்கொள்ளும் தாயிடம், 'அவன் எழுதினது, நீ என்ன செய்வாய்' என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்லும்போது அங்கே மெய்யியல் நடக்கவில்லை. ஒரு விசாரணை நிறுத்தப்படுகிறது. ஆனால் அதே பெட்டியில் வேறு கருவிகளும் கிடக்கின்றன. 'மருமகள் வந்த ராசி', 'போன பிறவியில் யார் குடியைக் கெடுத்தாளோ' என்பவையும் விளக்கங்களே. எந்த விளக்கம் யார் மீது பாயும் என்பதை வீட்டின் அதிகார அடுக்கு தீர்மானிக்கிறது. பெரும்பாலும் அது தாயின் மீதே பாய்கிறது. கர்மக் கோட்பாட்டைத் தத்துவமாக மட்டும் அணுகும் எழுத்துகள் கோட்டைவிடும் இடம் இதுவென்று தோன்றுகிறது.

பக்தி மரபு வேறொன்றைச் சொல்கிறது. பெரியபுராணத்தில் அப்பூதியடிகளின் மூத்த மகனை, விருந்துக்கு வாழையிலை அரியப் போன இடத்தில் பாம்பு தீண்டுகிறது. பெற்றோர் உடலை மறைத்துவிட்டு அப்பருக்கு அமுது படைக்க முனைகிறார்கள். பதிகம் பாடப்பட்டுப் பிள்ளை எழுகிறான். அவிநாசியில் முதலை விழுங்கிய சிறுவன், இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு சுந்தரருக்காகத் திரும்பி வருகிறான். இரண்டிலும் பிள்ளை முழுதாகவே திரும்புகிறது. தீக்காய வார்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இந்தக் கதைகளில் இடம் எங்கே? தோட்ட மக்கள் மாசி மாதத்தில் ஆடும் காமன் கூத்து ஒருவேளை இதற்கு நெருக்கமாக வருகிறது. எரிந்த காமன் ரதியின் அழுகைக்குப் பின் உயிர் பெறுகிறான், ஆனால் பழைய உடலோடு அல்ல. அவள் கண்ணுக்கு மட்டும் தெரிபவனாக. இந்தக் கூத்தை அடிபட்ட பிள்ளையோடு மக்களே இணைத்துப் பேசுகிறார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் முழுமையாக மீளாத மீட்சி என்ற எண்ணம் அவர்களுடைய சமய உலகுக்கு அந்நியமானதல்ல என்பதை அது காட்டுகிறது.

நேர்த்தி என்னும் செயல்

நம்பிக்கையை ஓர் எண்ணமாக மட்டும் பார்த்தால் தோட்டத்தில் அதன் பாதி தெரியாமல் போய்விடும். இங்கே அது முதலில் ஒரு செயல். ஏறக்குறைய ஒவ்வொரு தோட்டத்திலும் மாரியம்மன் இருக்கிறாள். எல்லையில் முனியாண்டியும் மாடசாமியும் இருக்கிறார்கள். தொழிற்சாலைச் சக்கரத்தருகே ரோதைமுனி, கவ்வாத்து வெட்டும் மலையில் கவ்வாத்துச் சாமி. ஊரிலிருந்து கொண்டுவந்த தெய்வங்களோடு, வேலையிடத்தின் ஆபத்துக்கேற்பப் புதிய தெய்வங்களையும் இந்த மக்கள் நிறுவிக்கொண்டார்கள். காயம் எங்கே காத்திருக்கிறது என்பதை இந்தத் தெய்வங்களின் இருப்பிடங்களை வைத்தே ஊகித்துவிடலாம் போலிருக்கிறது.

பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது தாய் மஞ்சள் துணியில் காசு முடிகிறாள். கண்ணுக்குக் கண்மலர், காலுக்கு வெள்ளிக் கால் என்று உருக் காணிக்கை நேர்கிறாள். பிழைத்தால் தீமிதிப்பதாகவோ பால்குடம் எடுப்பதாகவோ தகப்பன் காப்புக் கட்டுகிறான். பிள்ளையைக் கரும்புத் தொட்டிலில் இட்டுக் கோயிலைச் சுற்றுகிறார்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள் வஹகோட்டை அந்தோனியாரிடம் போகின்றன. இந்துக்களும் அங்கே போகிறார்கள்; வேண்டுதலில் மத எல்லை அவ்வளவு கறாராக இருப்பதில்லை.

இச்செயல்கள் என்ன செய்கின்றன? 2025இல் மறைந்த கணநாத் ஒபயசேகர, துயரத்தை ஒரு சமூகம் பொது அர்த்தமுள்ள குறியீடுகளாக மாற்றுவதைப் பண்பாட்டின் வேலை என்று விளக்கினார். மேற்குலகில் மனச்சோர்வு என்று பெயர் பெறும் ஒன்று இலங்கையில் சமய அனுபவமாக வேறு பாதையில் போகலாம் என்பது அவர் வாதம். போர்க்கால மட்டக்களப்பில் ஆய்வு செய்த பற்றீசியா லோறன்ஸ், காணாமற்போனவர்களின் உறவினர் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டதைப் பதிவுசெய்தார். வெளியே பேச முடியாத துயரைச் சாமியாடுபவர்கள் தம் உடலில் ஏற்றுப் பேசினார்கள். மலையகத்தின் கோடாங்கியும் குறி சொல்பவரும் அதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறார்கள் எனலாம், ஆனால் போர்க்கள அனுபவத்தை அப்படியே இங்கு பொருத்துவது பிழையாகும்.

எனக்கு இந்த நிலைப்பாட்டில் வலுவாகப் படுவது வேறொரு பகுதி. நேர்த்திக்கடன் காலத்தை வகுத்துத் தருகிறது. இந்தப் பிள்ளை எப்போது குணமாகும் என்று வைத்தியரால் சொல்ல முடியாதபோது, 'வருகிற திருவிழாவுக்கு' என்று ஒரு நாள் கிடைக்கிறது. அந்த நாளில் தோட்டமே கூடுகிறது. பிள்ளை எல்லோர் முன்னிலையிலும் கோயிலைச் சுற்றுகிறது. மறைத்துவைக்க வேண்டிய ஒன்றாக அல்ல, அம்மன் காத்த ஒன்றாக. கோயில் பணம் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படும் வழக்கம் உள்ள தோட்டங்களில், அந்தத் திருவிழாவுக்கு அந்தக் குடும்பமும் பங்குதாரர். கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

பலவீனங்களும் அதே இடத்திலிருந்துதான் வருகின்றன. நேர்த்தி ஒரு கடன். ஏற்கெனவே கைமாற்றில் ஓடும் வீட்டில் கிடாயும் பூசைச் செலவும் மேலும் கடனாகின்றன. பிள்ளை தேறாவிட்டால் 'குறை எங்கே நடந்தது' என்ற விசாரணை தொடங்குகிறது. தாய் தீட்டோடு கோயிலுக்குப் போனாளா என்பது வரை அது நீளும். செய்வினை என்று குறி சொல்லப்பட்டால் ஒரே லயத்தில் இரண்டு வீடுகள் பேச்சை நிறுத்திவிடும். தீக்காயத்துக்குக் கண்டதைப் பூசியோ, முறிந்த எலும்புக்குத் தப்பாகக் கட்டுப் போட்டோ முதல் மணித்தியாலங்களை இழப்பதும் உண்டு. இதை நம்பிக்கையின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமல்ல. வைத்தியசாலை தூரமாக இருக்கும் இடத்தில் கிட்ட இருப்பவர் கைதான் முதலில் படும்.

அண்மைப் பத்தாண்டுகளில் தோட்டங்களில் பரவிய பெந்தெகொஸ்தே சபைகள் இந்தப் படத்தைச் சிக்கலாக்குகின்றன. வாரந்தோறும் வீடு தேடி வந்து பெயர் சொல்லிச் செபிப்பது, குடிக்கும் தகப்பனைக் குடியிலிருந்து மீட்க முயல்வது, ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோவது ஆகியவை வருடத்துக்கு ஒரு முறை வரும் திருவிழா தராத ஆறுதல்கள். குணமாக்கும் அற்புதம் வாக்களிக்கப்பட்டு அது நிகழாவிட்டால், 'விசுவாசக் குறைவு' என்ற புதிய குற்றச்சாட்டு பழைய 'தெய்வக் குற்ற'த்தின் இடத்தில் வந்து உட்காருகிறது. மதம் மாறிய குடும்பம் கோயில் திருவிழாவிலிருந்தும் விலகுவதால் லயத்து உறவுகளில் ஒரு பகுதியை இழக்கவும் நேரிடலாம்.

உளவியலின் அளவுகோல்கள்

நெருக்கடியில் குடும்பம் என்ற ஆய்வுத் துறைக்கு ருபன் ஹில் 1949இல் அடித்தளமிட்டார். போருக்குப் பிரிந்துபோய் மீண்டும் சேர்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த அவர், நேர்ந்த இடர், கையிலிருக்கும் வளங்கள், அந்த இடருக்குக் குடும்பம் தரும் பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்தே நெருக்கடியை உண்டாக்குகின்றன என்றார். இந்தச் சட்டகத்தில் சமய நம்பிக்கை மூன்றாவதில் அடங்கும். பிற்கால ஆய்வாளர்கள் இடர்மேல் இடர் குவிவதையும் சேர்த்துக்கொண்டார்கள். தோட்டத்துக்கு இந்தச் சேர்க்கைதான் அதிகம் பொருந்துகிறது. பிள்ளையின் காயத்தோடு சம்பள இழப்பும் அடகும், மற்றப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பதும் ஒன்றாகவே வருகின்றன.

பிள்ளைகளின் மீளும் ஆற்றல் பற்றிய மிகப் பிரபலமான ஆய்வு ஒரு தோட்டத் தீவிலேயே நடந்தது என்பது பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்ணரும் குழுவினரும் நடுவயது வரை பின்தொடர்ந்தார்கள். பெற்றோரில் பலர் கரும்பு, அன்னாசித் தோட்டத் தொழிலாளர்கள். ஆசியாவிலிருந்து கூலிக்கு வந்தவர்களின் வழியினர். வறுமை, குடும்பச் சிதைவு போன்ற பல ஆபத்துகளுக்குள் வளர்ந்தவர்களில் மூன்றிலொரு பங்கினர் நல்லபடியாகவே வளர்ந்தார்கள். கைவிடாத ஒரு பெரியவர், வீட்டுக்கு வெளியே ஓர் ஆதரவு வட்டம் ஆகியவை பெரிதாக உதவின. பிற்காலத்தில் சமயச் சமூகத்தில் இணைந்ததும் சிலருக்குத் திருப்புமுனையானது. ஆயினும் மீதி மூன்றில் இரண்டு பங்கினரைப் பற்றி நம்பிக்கைக் கதைகள் அதிகம் பேசுவதில்லை.

காயமுற்ற, கடும் நோயுற்ற பிள்ளைகளின் குடும்பங்களுக்கென்று ஆன் காஸாக் 2006இல் ஒரு மாதிரியை முன்வைத்தார். சம்பவ வேளை, சிகிச்சைக் காலம், நெடுங்காலம் என்று கட்டங்களாக அவர் பிரித்தார். இத்துறையில் மீண்டும் மீண்டும் வரும் ஒரு கண்டுபிடிப்பு கவனத்துக்குரியது: காயத்தின் மருத்துவக் கடுமையைவிட, 'பிள்ளை செத்துவிடும்' என்று பெற்றோர் அஞ்சிய கணமே பின்னாளைய மனவடுவை அதிகம் தீர்மானிக்கிறது. பிள்ளை தேறிய பின்னும் தாய் தேறாமல் இருப்பது இதனால்தான்.

சமயத்தை நேரடியாக அளந்தவர் கென்னத் பார்கமென்ட். 1997இல் வந்த அவர் நூல், சமயம் உதவுமா என்று மொத்தமாகக் கேட்பதை நிறுத்தி, எவ்வகைச் சமயம் என்று கேட்கச் சொன்னது. கடவுளைத் துணையாகக் கொள்வது ஒரு வகை; கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று போராடுவது இன்னொரு வகை. 2001இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகைப் போராட்டத்தில் இருந்த முதிய நோயாளிகளிடையே இரண்டாண்டுகளுக்குள் இறப்பு அபாயம் கூடியிருந்தது. இது முக்கியமான முன்னேற்றம். ஆனால் பெரும்பாலும் அமெரிக்கக் கிறிஸ்தவர்களிடம் உருவான அளவுகோல் இது. மாரியம்மனோடு சண்டை பிடிக்கும் தாயை இதில் எங்கே வைப்பது? கோயில் வாசலில் மண்ணை வாரித் தூற்றி 'உனக்குக் கண்ணில்லையா' என்று கத்துபவள் அடுத்த வெள்ளிக்கிழமை அதே வாசலில் விளக்கேற்றுவாள். அம்மனைத் திட்டுவது இங்கே உறவு முறிந்ததன் அடையாளமல்ல. உறவு இன்னும் இருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். வினாத்தாள் அதை எதிர்மறை என்றே குறிக்கும்.

இலங்கைக்குள்ளிருந்து எழுந்த எழுத்து இங்கே கைகொடுக்கிறது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1993இலேயே 'மனவடு' என்ற நூலைத் தமிழில் தந்தார். பின்னைய நூல்களில், பாதிப்பு தனியாளின் மனதில் மட்டுமல்ல, குடும்பத்திலும் ஊரிலும் நிகழ்கிறது என்று வாதிட்டார். காயத்ரி பெர்னாண்டோ, இலங்கையர் தம் துன்பத்தைச் சொல்லும்போது உள்மனக் குறிகளைவிட உறவிலும் கடமையிலும் நேர்ந்த முறிவுகளையே முதன்மையாகக் கூறுவதைக் கண்டு, அதற்கேற்ற அளவுகோலை உருவாக்கினார். போர்ப்பகுதிகளுக்கு உளவளத் திட்டங்களை ஏற்றுமதி செய்வதை 1999இல் டெரெக் சமர்பீல்ட் கடுமையாக விமர்சித்ததும் இதே திசையில்தான். சுனாமிக்குப் பின் வந்திறங்கிய ஆலோசகர்கள் அந்த எச்சரிக்கையை அதிகம் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் மறக்கலாகாது. இந்த எழுத்துகள் வடக்கு, கிழக்கு, தென் கரையோர அனுபவங்களிலிருந்து எழுந்தவை. மலையகத்தின் நெருக்கடி ஒரு நாளில் வெடித்ததல்ல. 1948இல் குடியுரிமை பறிபோனதிலிருந்து தலைமுறைகளாகப் படிந்தது.

விதியல்ல, வீடு

நான்காவது நிலைப்பாடு கேள்வியின் மீதே சந்தேகம் கொள்கிறது. தாங்கிக்கொள்கிறார்கள் என்று புகழ்வது, தாங்க வைப்பவர்களுக்கு வசதியான பேச்சு. சமயத்தை மக்களின் அபின் என்று 1844இல் எழுதிய மார்க்ஸ், அதே பத்தியில் அதை ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு என்றும் சொன்னார். மேடைகளில் அபின் என்ற பாதிதான் ஒலிக்கும். மீளும் ஆற்றல் என்ற கருத்தையே மார்க் நியோகிளியஸ் போன்றோர் 2010களில் விமர்சித்தார்கள். ஆபத்தைக் குறைக்க வேண்டிய அரசு, அதைத் தாங்கப் பழகும்படி குடிமக்களிடம் சொல்லிவிட்டு ஒதுங்குகிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

தோட்டத்தில் இந்த வாதத்துக்கு வலுவான சான்றுகள் உண்டு. கொடகும்புரவின் விளக்கை நினைத்துக்கொள்ளலாம். சட்டமும் இதையே காட்டுகிறது: 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு உரியது. அவர் வேலையிலிருக்கும்போது கம்பெனி நிர்வகிக்கும் லயத்தில் எரிந்த பிள்ளை அதற்குள் வராது. வீட்டின் உரிமையாளரும் சம்பளம் தருபவரும் ஒருவராகவே இருந்த அமைப்பில், பொறுப்பு யாருடையது என்று கேட்பதே துணிவு தேவைப்படும் செயலாக இருந்தது. இந்திய உதவியில் முதலில் 4,000, பின்னர் 10,000 என்று அறிவிக்கப்பட்ட தனி வீடுகள் இந்த உறவை மெல்ல மாற்றக்கூடும். அடுப்பு தனி அறைக்குப் போவதே பல காயங்களைத் தடுக்கும்.

இந்த நிலைப்பாடும் ஓரிடத்தில் தடுமாறுகிறது. 'ஏன் என் பிள்ளை?' என்று நடு இரவில் கேட்பவரிடம், வீடமைப்புக் கொள்கையைப் பதிலாகச் சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய தடுமாற்றம், நம்பிக்கையும் நீதிக்கான போராட்டமும் எதிரெதிர் என்று அது எடுத்துக்கொள்வது. தமிழ்நாட்டின் கும்பகோணம் அந்த எடுகோளை மறுக்கிறது. 2004 ஜூலை 16 அன்று அங்கே பள்ளிக்கூடத் தீயில் 94 பிள்ளைகள் இறந்தார்கள். 18 பேர் காயங்களோடு பிழைத்தார்கள். பெற்றோர் பத்தாண்டுக்குப் பின்னரே தீர்ப்பைக் கண்டார்கள். நட்டஈட்டுக்கான வழக்கு அதற்கு மேலும் நீண்டது. அதே பெற்றோர் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்காக மகாமகக் குளத்தில் தீபமும் ஏற்றினார்கள். தீபம் ஏற்றியதால் வழக்கு தளரவில்லை. ஆண்டுதோறும் கூடிய அந்தக் கூட்டம் வழக்கை உயிரோடு வைத்திருக்க உதவியிருக்கவும் கூடும். மலையகத்திலிருந்து கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போன ஒரு சிறுமி 2021இல் தீக்காயங்களால் இறந்தபோது, மலை நகரங்களில் நடந்த ஆர்ப்பாட்டங்களில் யாரும் தலையெழுத்து என்று சொல்லிக் கலைந்து போகவில்லை. ஷெரில் டேனியலின் கருவிப் பெட்டியில் கோரிக்கை மனுவும் இருக்கிறது என்று இதைப் படிக்கலாம்.

பிள்ளையின் பக்கம்

மேற்சொன்ன நான்கு நிலைப்பாடுகளிலும் ஒரு பொதுக் குறை உண்டு. பேசுபவர்கள் பெற்றோர், பூசாரி, ஆய்வாளர், தலைவர். பிள்ளை பேசப்படும் பொருளாகவே நிற்கிறது. மாற்றுத்திறனாளி உரிமை இயக்கம் முன்வைக்கும் எதிர்ப்பு இதுதான்: குணமாதல் ஒன்றையே மீட்சி என்று கொண்டால், குணமாகாத பிள்ளை வாழ்நாள் முழுதும் தோல்வியின் சின்னமாகிவிடுகிறது. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இவ்வுரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை நாடு 2016இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் படிக்கட்டு படிக்கட்டாக இறங்கும் லயத்திலிருந்து சக்கர நாற்காலி எப்படி வெளியே வரும் என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. தழும்புள்ள பெண்பிள்ளையைப் பற்றி வீட்டில் முதலில் எழும் பேச்சு கல்யாணத்தைப் பற்றியது, பள்ளிக்கூடத்தைப் பற்றியதல்ல. கரும்புத் தொட்டிலில் தன்னைச் சுமந்து போவதை ஐந்து வயதுப் பிள்ளை ஒரு விதமாகவும், பன்னிரண்டு வயதுப் பிள்ளை வேறு விதமாகவும் உணரக்கூடும். ஒருவருக்குக் கொண்டாட்டம், மற்றவருக்குக் காட்சிப் பொருளாதல். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளிடமே கேட்டால்தான் தெரியும்.

எஞ்சி நிற்பவை

சான்றுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கையில், நம்பிக்கை மீளும் ஆற்றலைத் தருகிறது என்ற பொதுக்கூற்றும், அது அடிமைப்படுத்துகிறது என்ற பொதுக்கூற்றும் ஒரே அளவுக்குப் பலவீனமானவை. இவற்றைவிட ஏற்கத்தக்கது குறுகிய கூற்று ஒன்று. தோட்டத்தில் நம்பிக்கை பெரும்பாலும் ஆட்களைத் திரட்டும் ஏற்பாடாகவே வேலை செய்கிறது: யார் வீட்டுக்கு வருகிறார்கள், யார் காசு போடுகிறார்கள், தாய் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது சின்னதைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவிலிருந்து யார் கூட்டிவருகிறார்கள். ஒரு விளக்கமோ சடங்கோ சபையோ அடிபட்ட பிள்ளையைச் சுற்றி இந்த வட்டத்தை விரிக்கும்போது அது உதவுகிறது. செய்வினைப் பேச்சாலும் தாய்ப்பழியாலும் விசுவாசக் குறைவு என்ற தீர்ப்பாலும் வட்டத்தைச் சுருக்கும்போது கெடுக்கிறது. ஒரே தெய்வத்தின் பெயரால் இரண்டும் நடக்கலாம் என்பதால், எந்த மதம் சிறந்தது என்ற கேள்விக்கு இங்கே பயன் குறைவு.

இந்தக் கூற்றும் சோதிக்கப்பட வேண்டியதே. முதலாவதாக, வட்டம் விரிந்ததற்குக் கோயில்தான் காரணமா, அல்லது ஒரே லயத்தில், ஒரே பெரட்டில் (காலை வேலைப் பிரிப்பில்), பெரும்பாலும் ஒரே உறவுமுறைக்குள் வாழ்வதே காரணமா என்பதைப் பிரித்தறிவது கடினம். தனி வீடுகளுக்குப் போகும் குடும்பங்களும், கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போகும் தாய்மாரும் பெருகும் இக்காலம் அதைப் பார்க்க ஒரு வாய்ப்பு. லயம் கலைந்த பின்னும் திருவிழா ஆட்களைத் திரட்டினால் நம்பிக்கைக்குத் தனி வலு உண்டு எனலாம். திரட்டாவிட்டால், இதுவரை நம்பிக்கையின் கணக்கில் எழுதிய பலவற்றை லயத்தின் கணக்குக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது, காலம். காயம் பட்ட முதல் மாதத்தில் கூட்டம் வரும். ஐந்தாம் ஆண்டில் யார் வருகிறார்கள்? கவாய் ஆய்வு போல ஒரு தலைமுறையைப் பின்தொடர்ந்தால்தான், முதலாண்டு நேர்த்திக்கடன் பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு என்ன செய்தது என்று சொல்ல முடியும். அப்படி ஓர் ஆய்வு தொடங்குமானால், அதன் முதல் வினாத்தாளில் கடவுள் நம்பிக்கை பற்றிய கேள்விகளுக்கு முன்பாக, அந்த மாதச் சம்பளச் சீட்டில் எத்தனை நாள் பேர் விழுந்தது, எவ்வளவு கடன் ஏறியது என்ற கேள்விகள் இடம்பெற வேண்டும்.